கோது விழாத துப்பாக்கி

எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியில் குட்டையான, எடை குறைந்த ஒரு புதுத் துப்பாக்கியை உருவாக்கியவர்களில் நானும் ஒருவன் என்று விருந்துகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் தட்டோடு சற்று நகர்ந்து உட்காருவார். அவருடைய சோறு ஆறுவதற்குள் மீதியையும் சொல்லிவிடுவது என் வழக்கம். அந்தத் துப்பாக்கியில் என் பங்கு சுண்ணாம்பு.

துப்பாக்கியைச் செய்தது தெற்கே மலைப்பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலை. அதன் விசேஷம் முழுவதும் தோட்டாவில் இருந்தது. வழக்கமான தோட்டாவுக்கு ஒரு பித்தளைக் குப்பி உண்டு. வெடிமருந்து அதற்குள் இருக்கும். சுட்டதும் குப்பி வெளியே தெறித்து விழும். இந்தப் புதிய தோட்டாவுக்குக் குப்பியே கிடையாது. மருந்தையே அழுத்திக் கட்டியாக்கி, பேரீச்சம்பழத்துக்குள் கொட்டை மாதிரி நடுவில் குண்டைப் புதைத்துவிடுவார்கள். சுட்டால் கட்டி முழுவதும் எரிந்துபோகும். பித்தளை இல்லாததால் சுமை குறைந்தது. காலிக் குப்பியை வெளியே தள்ளுகிற வேலை இல்லாததால் துப்பாக்கியும் சிறுத்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பித்தளை என்பது மருந்துக்கு ஒரு சட்டை. சட்டை இல்லாத கட்டி மழையில் ஊறும், பையில் குலுங்கினால் ஓரம் உதிரும். அதற்கு என்ன மேல்பூச்சு பூசலாம் என்ற கேள்வியைத் தொழிற்சாலை, கார்ல்ஸ்ரூஹேயில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. கூடத்தின் தலைவர் அதை என் மேற்பார்வையாளரிடம் தள்ளினார். மேற்பார்வையாளர் என்னிடம் தள்ளினார். எனக்குக் கீழே தள்ளுவதற்கு ஆள் இல்லாததால் கேள்வி என்னிடமே நின்றுவிட்டது.

நான் இந்தியப் பிரஜை. உண்மையான வெடிமருந்தை என் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே அதே அளவில், அதே எடையில், சுண்ணாம்புப் பொடியை அழுத்திச் செய்த கட்டிகள் பெட்டி பெட்டியாக வந்தன. நான் அவற்றைப் பலவிதப் பூச்சுகளில் முக்கி எடுத்துக் காயவைத்தேன். உயரத்திலிருந்து போட்டேன், தண்ணீரில் நனைத்தேன், கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். பிறகு உதிர்ந்த தூளை நிறுத்துப் பார்த்தேன். திருச்சியில் என் வீட்டார், பையன் ஜெர்மனியில் ராணுவ ஆராய்ச்சி செய்வதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். பையன் விரலெல்லாம் சுண்ணாம்போடு, வெற்றிலை கிடைக்காத ஆள் மாதிரி அலைந்துகொண்டிருந்தான்.

துப்பாக்கியை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அதுவும் மரத்தில் செய்த மாதிரி உருவம். தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு பேர் ஒரு போர்வையில் சுற்றி எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்கள். எங்கும் எதுவும் துருத்திக்கொண்டிருக்கவில்லை. தெரியாதவர்கள் ஏதோ வாத்தியத்தின் பெட்டி என்று நினைப்பார்கள். எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். தோளில் வைத்ததும் கனகச்சிதமாகப் பொருந்தியது. ஜெர்மனியில் சட்டை, கோட்டு, சைக்கிள், குளியலறைக் கண்ணாடி என்று எதுவுமே என் அளவுக்கு இருந்ததில்லை. எனக்கென்றே செய்ததுபோல் அமைந்த முதல் பொருள் அதுதான். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மட்டும் விருந்துகளில் நான் சொல்வதில்லை.

என் மேற்பார்வையாளர் ஆப்பிளை விதையோடு தின்கிறவர். கடைசியில் காம்பு மட்டும் அவர் விரலிடையில் நிற்கும். அதையும் எங்கே போடுவது என்று யோசிப்பார். குப்பியில்லாத தோட்டா அவருக்கு ஒரு தத்துவமாகவே தோன்றியது. "ஒரு சிப்பாய் அவ்வளவு பித்தளையை முதுகில் சுமந்து போகிறான். எதற்கு? தரையில் எறிவதற்கு" என்பார். "நல்ல பொறியியல் தன் பின்னால் எதையும் விட்டுச் செல்லாது." எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆய்வேட்டின் முன்னுரையில் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டேன்.

சனிக்கிழமைகளில் நான் வேறு ஆள். ரயில் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டலை அகதிகளுக்கான விடுதியாக, அவர்கள் சொல்கிற ஹைம் ஆக, ஆக்கியிருந்தார்கள். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்தார்கள். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும். அந்தக் கதவைத் திறந்தால் கட்டிலுக்கடியில் மின்சார அடுப்பு, அதன்மேல் மீன்குழம்பு. நான் போனது குழம்புக்காக. தொண்டு செய்யப் போனதாக யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன், அவ்வளவுதான். அந்த ஊரில் தமிழும் ஜெர்மனும் தெரிந்தவர்கள் அப்போது அரிது என்பதால், குழம்புக்குப் பதிலாக அவர்களுடைய அன்ட்ராக்குகளை, அதாவது விண்ணப்பங்களை, எழுதிக் கொடுத்தேன். டெர்மின் என்று விசாரணைக்கு நாள் குறித்து வந்தால் கூடப் போனேன். சில நாளில் அகதி விசாரணை அலுவலகமே என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

குழம்பு வைக்கிறவரை எல்லோரும் அண்ணை என்பார்கள். நாற்பதை ஒட்டிய வயது. ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்தான் பாடும். அதனாலோ என்னவோ பேசும்போது குரலை உயர்த்தவே மாட்டார்.

"தம்பி, உங்கடை தமிழ் படத்தில கதைக்கிற தமிழ் மாதிரி இருக்கு" என்றார் முதல் நாளே. "பிழையெண்டு சொல்லேல்லை. பாட்டு எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

எவ்வளவோ நாள் அவரிடம் என் வேலையைப் பற்றிப் பூசி மெழுகியே வைத்திருந்தேன்.

"உங்கை என்ன படிக்கிறியள்?"

"பேக்கிங் மாதிரிண்ணே. ஈரம் பட்டா என்ன ஆகுது, கீழ விழுந்தா உடையுதான்னு டெஸ்ட் பண்றது."

"பிஸ்கட்டோ?"

"கிட்டத்தட்ட."

ஒரு சனிக்கிழமை, குழம்பின் வாசனையில் மதி மயங்கி, உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. குறைந்த எடை, சிறிய உருவம், பித்தளை மிச்சம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

அண்ணை கரண்டியை நிறுத்தினார். "அந்தப் பித்தளைக் கோது இருக்கெல்லே, சுட்டவுடனை வெளியில விழுறது. அது இதில விழாதோ?"

"விழாதுண்ணே. அதுதான் அதோட அழகே."

"அப்ப சுட்டவங்கள் போனாப் பிறகு நாங்கள் எதைப் பொறுக்கிறது?"

நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்துவிட்டேன். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த ஒருவர், "இந்தியாத் தம்பிக்கு விளங்கேல்லை. விளங்கப்படுத்துங்கோ அண்ணை" என்றார்.

அண்ணை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய மனைவியின் தம்பியும் அவரோடுதான் தொழில் செய்தான். கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் மரத்தில் ஏறிக் குழாய் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கீழே ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், ஆமி ஜீப் வந்து நின்றது. மரத்தின் மேல் ஓர் ஆள், கையில் உலோகமாக ஏதோ ஒன்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை வானொலியில், இயக்கக்காரர்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டதில் ஒருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. ஊரில் நடந்த மரண விசாரணையில் அண்ணை போய், ஜீப் வந்தது, நான் கண்டேன் என்று சொன்னார். அதன் பிறகு ஆமிக்காரர்கள் அவரைத் தேடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கொழும்பு, கிழக்கு பெர்லின், மேற்கு பெர்லின், கட்டிலுக்கடியில் அடுப்பு. அவருடைய கதை அவ்வளவுதான்.

"என்ரை மனுசி வாய்க்காலுக்கை ஒரு கோது கண்டெடுத்து வைச்சிருக்கிறா. ஆமியின்ரை கோது. வேறை என்ன இருக்கு எங்களிட்டை?"

குழம்பு அன்றும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவருடைய முதல் விசாரணைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். அதிகாரி கெட்டவர் இல்லை. நிரந்தரமாகச் சளி பிடித்த, களைத்துப்போன மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜீப் வந்ததற்கு ஏதாவது சான்று உண்டா என்றார். கோது இருக்கிறது என்று அண்ணை சொன்னார். வரவழைத்துக் காட்டுங்கள் என்று அதிகாரி இன்னொரு டெர்மின் கொடுத்தார். அகதி என்று ஏற்றுக்கொண்டால் அண்ணை மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் சட்டப்படி விமானத்தில் கூப்பிடலாம். இல்லையென்றால் முடியாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அவர் ஒவ்வொரு நாளும் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார்.

கோது வந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ஒரு பொட்டலம் கறித்தூளை அண்ணையிடம் கொடுத்தார். தூளுக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தால் விரல் நீளத்தில் பித்தளை. துடைத்ததும் அறையே பிரகாசமானது. குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

கொண்டுவந்தவர் சொன்னார்: "அக்கா சொல்லிவிட்டவ, பழப்புளி போட்டு நல்லா மினுக்கித்தான் அனுப்புறன், துரைமாருக்குக் காட்டுற சாமான் எண்டு. கறுத்துப்போய்க் கிடந்ததாம். ரெண்டு மூண்டு தரம் தேய்ச்சவவாம்."

அண்ணை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் பெருமை. "அவ எப்பவும் அப்பிடித்தான். வீட்டை ஒரு செம்பு மங்கிக் கிடக்க விடமாட்டா."

ஈரம், உராய்வு, மேற்பரப்பு என்று படித்துக் கிழித்துக்கொண்டிருந்த நானும் பக்கத்தில் நின்று, "கண்ணாடி மாதிரி இருக்குண்ணே" என்றேன்.

இரண்டாவது விசாரணையில் அதிகாரி அதைக் கையில் வாங்கினார். முதலில் தும்மினார். எவ்வளவு கழுவியும் கறித்தூள் வாசம் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோதைச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இது புதிதாக இருக்கிறதே. இப்படிப்பட்டது சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் எங்களுக்கே கிடைக்கும். வாய்க்காலில் கிடந்த பொருளா இது?"

நான் மொழிபெயர்த்தேன். அண்ணைக்குக் கேள்வி புரியவில்லை. "மனுசி மினுக்கினவ எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்.

"ஏன் மினுக்கினார்?"

"ஐயாவுக்குக் காட்டுறதெல்லே எண்டு சொல்லுங்கோ தம்பி. ஊத்தையோடை எப்பிடிக் குடுக்கிறது?"

அதையும் சொன்னேன். ஒரு சான்றுப்பொருளை மரியாதைக்காகக் கழுவுவார்கள் என்பதை ஜெர்மன் மொழியில் சொல்லிப் பாருங்கள். ஒரு வாக்கியம்கூட நேராக நிற்காது. சொல்லச் சொல்ல, பொய்யன் ஒருவனுக்காக இன்னொரு பொய்யன் பேசுகிற மாதிரியே கேட்டது. அதிகாரியின் பேனா ஓடவில்லை.

கோது மேசைமேல் தலைகீழாக நின்றது. அதன் அடிப்பாகம் எனக்கு நேராகத் தெரிந்தது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம். துப்பாக்கியின் ஊசி குத்திய இடம். சுடாத தோட்டாவில் அது இருக்காது. சுற்றிலும் ஆலையின் முத்திரை எழுத்துகள். புளி களிம்பை எடுக்கும், கரியை எடுக்கும். பள்ளத்தையும் முத்திரையையும் எடுக்காது. பிறகு என் வாய் திறந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளன் தன் சொந்த வார்த்தை ஒன்றையும் சேர்க்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் சொன்னேன், முழுசாகச் சொன்னேன். இது சுடப்பட்டது, இந்த எழுத்துகளைக் கொண்டு எந்தச் சேனைக்குப் போனது என்று விசாரிக்கலாம், ஊசிப்பள்ளத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள் என்றெல்லாம். அவ்வளவு நல்ல ஜெர்மன் அதற்கு முன்னும் பின்னும் என் வாயில் வந்ததில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தோட்டா சம்பந்தமான ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்றேன். எந்தக் கூடம் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். கோபமில்லை, சளி மட்டும்தான். "நீங்கள் நிபுணராக வந்திருக்கலாம், மொழிபெயர்ப்பாளராக வந்திருக்கலாம். இரண்டாகவும் வர முடியாது. இப்போது நீங்கள் சொன்னதை நான் எழுத முடியாது. இவர் சொன்னதாக நீங்கள் இதுவரை சொன்னதையும் வைத்துக்கொள்ள முடியாது." விசாரணை ரத்து. வேறு மொழிபெயர்ப்பாளர், வேறு டெர்மின்.

வெளியே ட்ராம் நிறுத்தத்தில் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெண்டிட்டமோ தம்பி? நீங்கள் நல்லாக் கதைச்சியள். அந்தாள் எழும்பி நிண்டிட்டுது!"

நான் விளக்கினேன். ட்ராம் வந்து போனது. அடுத்த ட்ராமும் வந்தது.

"நீங்கள் சொன்னது உண்மைதானே?"

"உண்மைதான்ணே."

"அப்ப அதை ஏன் எழுதேல்லை?"

"நான் சொன்னதாலதான்."

நின்றிருந்த ட்ராமில் ஏறினார். பிறகு, "பரவாயில்லை விடுங்கோ. வாங்கோ, சோறு ஆறப்போகுது" என்றார். அவர் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால் இந்தக் கட்டுரையை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

அந்த ஊரில் தோட்டாவின் அடிப்பாகத்தைப் படிக்கத் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். விசாரணைக்கு உடன் வரக்கூடிய தமிழனும் நான் ஒருவன்தான். இரண்டும் இரண்டு ஆளாக இருந்திருந்தால் அண்ணையின் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குழம்புக்கு ஆசைப்படுகிறவன் ஒருவன், சுண்ணாம்போடு மல்லாடுகிறவன் வேறொருவன் என்று கடவுள் பிரித்துப் படைத்திருக்கலாம்.

கூடத்திலிருந்து நிபுணர் கருத்து என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி மேற்பார்வையாளரைக் கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே எங்கிருந்தோ தொலைபேசி வந்திருந்தது. ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தி, "எதைப் பற்றிக் கருத்து? நம்மிடம் அப்படி ஒரு ஆராய்ச்சியே இல்லையே" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். மறுவாரம் சுண்ணாம்புக் கட்டிகள் பெட்டியோடு வேறு அறைக்குப் போயின. எனக்குக் காப்பித்தூள் பொட்டலம் வந்தது. அதே ஈரம், அதே உயரம், அதே மாடிப்படி. காப்பித்தூள் ஈரம் கோர்ப்பதைப் பற்றித்தான் நான் பட்டம் வாங்கினேன். அந்தத் துப்பாக்கியும் கடைசியில் பெரிதாக எங்கும் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன். பெர்லின் சுவர் விழுந்து, எதிரிக்குப் பஞ்சம் வந்துவிட்டதாம். அந்தச் செய்தி எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பித்தளைக் கோது விழுகிற துப்பாக்கிகள் உலகத்தில் போதுமான அளவு இருந்ததால், ஆறுதல் வரவில்லை.

மூன்றாவது விசாரணைக்கு பான் நகரத்திலிருந்து ஒரு தமிழ் மாணவரை வரவழைத்தார்கள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாராம். நான் வெளியே நடைபாதையில் நின்றேன். சில மாதம் கழித்து மறுப்பு வந்தது. கோதை அதில் 'மெருகேற்றிய பித்தளைப் பொருள்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். தவறென்று சொல்ல முடியாது. அண்ணையைத் திருப்பி அனுப்பவில்லை. தற்காலிகமாக இருந்துகொள் என்று ஒரு முத்திரை, அது முடிந்தால் இன்னொரு முத்திரை. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் உரிமை மட்டும் அந்த முத்திரையில் இல்லை. அவர் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். பிள்ளைகள் படத்தில் மட்டும் வளர்ந்தார்கள்.

இடையில் எங்கள் நாட்டுச் சேனையும் அவருடைய ஒழுங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்களில் ஹைம் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. அண்ணைதான் ஆள் அனுப்பினார்: "சண்டை அங்கை. சோறு இஞ்சை. வரச் சொல்லு."

கடைசியில் அண்ணையின் மனைவியான அக்கா சட்டப்படி வரவில்லை. சுவர் விழுந்த வருஷத்தின் தொடக்கத்தில், ஆட்களை அனுப்பிவைக்கிற ஏஜென்சிக்காரன் ஒருவன் செய்து கொடுத்த விசாவோடு, புருஷன் வந்த அதே வழியில், இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கு பெர்லினில் இறங்கி வந்து சேர்ந்தார். சின்னவள் அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டாள்.

என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இப்போது அடுப்பு கட்டிலுக்கடியில் இல்லை. அக்கா பரிமாறினார். மெலிந்த, நேராக நிமிர்ந்து நிற்கிற பெண். நான் யார் என்பதை அண்ணை முன்பே சொல்லியிருந்தார், எவ்வளவு சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

"நீங்கள்தானே அண்டைக்கு இவரோடை விசாரணைக் கந்தோருக்குப் போன தம்பி?"

"ஆமாங்க்கா."

"நான் அனுப்பின சாமானை அந்தத் துரை பாத்தவரோ?"

எதிரில் அண்ணையின் கை சோற்றில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாத மனிதர். கண்ணையும் பாதியளவுதான் உயர்த்தினார். மினுக்கியதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இத்தனை வருஷமாக அவர் மனைவிக்குச் சொல்லாமல் வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"பார்த்தாருக்கா. ஜன்னல் பக்கம் பிடிச்சு, ரொம்ப நேரம் பார்த்தார்."

"என்ன சொன்னவர்?"

"புதுசு மாதிரி இருக்குன்னு சொன்னார்."

அக்கா தலையாட்டினார். "ஓம், இருக்கும். அது எப்பிடிக் கறுத்துக் கிடந்தது தெரியுமே. என்ரை தம்பியின்ரை சாமான். அப்பிடியே விட மனம் வரேல்லை." குழம்புச் சட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார். "போட்டுச் சாப்பிடுங்கோ. ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"